பேராதனையில் கேட்ட மத்தளம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே ஒரு பொதுவீதி ஓடுகிறது. கலஹா வீதி என்று பெயர். செனற் கட்டடம், நூலகம், கலைப்பீடம், விடுதிகள் என்று எங்கே போவதென்றாலும் அந்த வீதியில் ஒருதடவை ஏறி இறங்காமல் முடியாது. காலையில் விரிவுரைக்குப் போகும் மாணவர் கூட்டத்தை ஹோன் அடித்து ஒதுக்கிக்கொண்டு தோட்டப்பக்கத்துப் பஸ்கள் போகும். யன்னலோரம் கொழுந்து பறிக்கும் பெண்களும், மரக்கறி மூட்டையோடு சந்தைக்குப் போய்த் திரும்பும் ஆட்களும் இருப்பார்கள். தமிழ் பேசும் மலையக மக்கள் நாள்தோறும் அந்தப் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துப் போய்வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பஸ்ஸிலிருந்து நடுவழியில் இறங்கி விரிவுரை மண்டபத்துக்குள் போகக் கிடைத்தது என்ற கேள்வி, அங்கே படித்த நாலு வருஷமும் என்னை விடவில்லை. இன்றும் விட்டபாடில்லை.

நான் போனது 2003இல். மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்று என் ஊர். வயலும் மாடும் கூத்தும் உள்ள ஊர். யுத்த நிறுத்தம் வந்து பாதைகள் திறந்திருந்த காலம் அது. வாழைச்சேனை, பொலன்னறுவை, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ் போய்க் கண்டியில் இறங்கியபோது, அதுவரை நான் கண்டிராத குளிர் உடம்பில் ஏறியது. அப்பா கொண்டுவந்த பெட்டியில் ஒரு கம்பளிகூட இல்லை.

படிப்புக்கு ஒரு சதமும் கட்டவில்லை. 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் செல்லும். கைச்செலவுக்கு மகாபொல உதவிப்பணம் வந்தது. வயல் விளையாத வருஷத்தில் கடன்படும் ஒரு வீட்டுப் பிள்ளை மாளிகை போன்ற ஒரு கட்டடத்துக்குள் புத்தகமும் கையுமாக நடந்தான் என்றால், அது அரசு நடத்தும் பல்கலைக்கழகம் என்பதனால்தான். இதைச் சொல்லாமல் பேராதனையின் அழகைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது.

அழகுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே குரல் கொடுத்தவர்களில் முன்னின்றவர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தொடங்கியது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. எங்கே கட்டுவது என்பதில் ஆண்டுக்கணக்காகப் பெரிய இழுபறி. கொழும்பிலேயே இருக்கட்டும் என்றவர்களும் கண்டிப் பக்கம் போகட்டும் என்றவர்களும் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள். கடைசியில் ஹந்தான மலையின் அடியும் மகாவலிக் கரையும் வென்றன. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் எல்லாரும் தங்கிப் படிக்கும் இடமாக அதைக் கற்பனை செய்தார். நகரத் திட்டமிடலில் பெயர்பெற்ற பற்றிக் அபர்குரோம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் நிலத்தை வகுத்தார்கள். கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ் கண்டிய மரபின் கூரைகளையும் தூண்களையும் சந்திரவட்டக் கல்லையும் கட்டடங்களுக்குள் கொண்டுவந்தார். 1952இல் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1954 ஏப்ரல் 20ஆம் திகதி எலிசபெத் மகாராணி பார்த்திருக்க எடின்பரோ கோமகன் அதை முறைப்படி திறந்துவைத்தார். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பல்கலைக்கழகம் என்பதால், அதை வழக்கத்தைவிட இன்னும் அதிகமாகத் திறந்துவைப்பதாக அவர் அறிவித்த கதையைச் சொல்லாத பேராதனைக்காரர் குறைவு.

எனக்குக் கிடைத்த விடுதி அந்த அருணாசலத்தின் பெயரைத் தாங்கியது. அவருடைய தமையன் இராமநாதன் பெயரிலும் ஒரு விடுதி உண்டு. ஜயதிலக, மாஸ், ஜேம்ஸ் பீரிஸ், ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தா, அக்பர் என்று நாட்டின் எல்லா இனத்துப் பெயர்களும் விடுதிகளாக நிற்கின்றன. ஒருவர் எந்த விடுதி என்பது ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். நாற்பது வருஷத்துக்கு முன்னம் அங்கே இருந்தவரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி பீடம், இரண்டாவது விடுதி.

என் அறைத்தோழன் எல்பிட்டியவிலிருந்து வந்த சிங்களப் பெடியன். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு மட்டும். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலமும் 'மச்சான்' என்ற ஒரு சொல்லும். இரவில் படிக்கும்போது வெறுந்தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிப்போம். ஊரில் என் அப்பாவும் அப்படித்தான் குடிப்பார். அவனுடைய அப்பாவும் அப்படித்தானாம்.

வளாகத்து வழக்கங்கள் என்று எழுதப்போனால் முதலில் நடை வரும். பின்னேரம் ஐந்து மணிக்குமேல் கலஹா வீதியில் யாரும் அவசரமாக நடப்பதில்லை. சோடிகள் ஆற்றங்கரைப் பாதைக்குத் திரும்பும். கூட்டாளிகள் கன்டீனுக்குத் திரும்புவார்கள். பொறியியல் பீடத்துப் பெடியன்கள் அக்பர் பாலத்தின்மேல் மகாவலியைக் கடந்து இந்தப் பக்கம் வருவார்கள். ரோபரோசியா பூக்கும் காலத்தில் வீதி முழுக்க இளஞ்சிவப்பாய்க் கொட்டிக் கிடக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கண்டியிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். ஹந்தான மலையில் ஏறி உச்சியில் நின்று தங்கள் விடுதியின் கூரையைத் தேடாமல் எந்த அணியும் முதலாம் வருஷத்தை முடிப்பதில்லை. அந்த மலையின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது 1969இல் வந்த 'ஹந்தானே கதாவ' என்ற சிங்களப் படம். பிற்காலத்தில் பெரிய நட்சத்திரமான விஜய குமாரதுங்கவின் முதல் படம் அது. பேராதனை என்றால் காதல் என்ற எண்ணம் சிங்கள இளைஞர் மனதில் விழுந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

பகிடிவதையையும் சிலர் மரபு என்பார்கள். புதியவர்களைப் பழையவர்களோடு பழக்கும் வழி என்று அதற்கு நியாயமும் சொல்வார்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் அதனால் இறந்துபோனார். மறுவருஷம், 1998இல், பாராளுமன்றம் பகிடிவதையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஒரு தாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பிள்ளையை உயிரில்லாமல் பெற்றுக்கொண்ட பிறகு அதற்கு மரபு என்ற பெயரைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

மரபு என்ற சொல்லை நான் வைத்திருப்பது வேறொன்றுக்கு. திறந்தவெளி அரங்குக்கு. எதிரிவீர சரச்சந்திரவின் பெயரில் இருக்கும் அந்த அரங்கை எல்லாரும் 'வள' என்றுதான் சொல்வார்கள். மலைச்சரிவின் இயற்கையான பள்ளம். படிப்படியாக இறங்கும் இருக்கைகள். மேலே பெரிய மரங்கள். கதிரை கிடையாது. பனி விழும் என்பதால் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, பத்திரிகைத் தாளையோ பாயையோ விரித்து, கச்சான் சுருளோடு உட்கார வேண்டும். வளவின் பார்வையாளருக்கு நாட்டிலேயே தனிப்பெயர் உண்டு. நாடகம் பிடிக்காவிட்டால் கூக்குரல் எழுப்பி நடிகர்களைத் திண்டாட வைத்துவிடுவார்கள். பிடித்துவிட்டால் ஆயிரம் பேரும் மூச்சு விடாமல் இருப்பார்கள். கொழும்பில் பேரெடுத்த நாடகக்காரருக்கும் வளவில் மேடையேறும் இரவு ஒரு பரீட்சைதான்.

அங்கே நான் சரச்சந்திரவின் 'மனமே' நாடகத்தைப் பார்த்தேன். அறைத்தோழன்தான் இழுத்துக்கொண்டு போனான். சிங்களம் விளங்காதே என்றேன். "பாட்டு விளங்கும் மச்சான், வா" என்றான்.

விளக்கு அணைந்து மத்தளம் எழுந்தது. முதல் சொற்கட்டு விழுந்ததுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அடி எனக்குத் தெரிந்த அடி. பிறகு கதை சொல்பவர் மேடைக்கு வந்து, வரப்போகும் பாத்திரங்களைப் பாடி அறிமுகம் செய்தார். எங்கள் கூத்தில் கட்டியகாரன் செய்வதும் அதுதானே. இளவரசன் வந்தான். வந்த உடனே பேசவில்லை. தாளத்துக்குக் கால் வைத்து, அரங்கைச் சுற்றி, தன் பெருமையைத் தானே பாடினான். வரவு ஆட்டம்! பின்னால் நின்றவர்கள் அவன் பாட்டின் கடைசி அடியைத் திருப்பிப் பாடினார்கள். பிற்பாட்டு! சிறுவயதில் மாமாவின் மடியில் தூங்கி விழித்துத் தூங்கி விடியவிடியப் பார்த்தவை ஒவ்வொன்றாக, எனக்குப் புரியாத மொழியில், பட்டும் மணியும் அணிந்து முன்னால் வந்துகொண்டிருந்தன. காட்டில் வேடுவ அரசனோடு சண்டை நடக்கிறது. இளவரசன் வாளைக் கேட்கிறான். இளவரசி தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தின்போது மத்தளம் மெல்ல இறங்கி ஒற்றை விரலால் தட்டுவதுபோல் நின்றது. சுற்றியிருந்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், பாட்டுகள் மனப்பாடம், முணுமுணுத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தவர்கள்தான். அந்த இடத்தில் ஒரு குரலும் இல்லை.

திரும்பி நடக்கும்போது, இது எங்கள் ஊர்க் கூத்து என்று அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. இது எங்கள் தென்பகுதி 'நாடகம', அம்பலாங்கொடைக்காரர் சொல்லிக் கொடுத்தது என்றான். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்பது நூலகத்தில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

தமிழ்க் கத்தோலிக்கர் நடுவே வளர்ந்த நாட்டுக்கூத்து மேற்குக் கரையோரமாக இறங்கிச் சிங்களவரிடம் போய் 'நாடகம' ஆயிற்று. காலப்போக்கில் அது மங்கித் தென்பகுதிக் கிராமங்களில் ஒதுங்கிக் கிடந்தது. பேராதனையில் விரிவுரையாளராக இருந்த சரச்சந்திர அதைத் தேடிப் போனார். அம்பலாங்கொடையின் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடம் மரபைக் கேட்டறிந்து, பேராதனை மாணவர்களை நடிகர்களாக வைத்து, 1956 நவம்பரில் 'மனமே'யை மேடையேற்றினார். 1961இல் 'சிங்கபாகு' வந்தது. தன் நாடக வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது என்பதை அவர் மறைத்ததில்லை; எழுதியே வைத்திருக்கிறார்.

அதே வளாகத்தில் தமிழ்த் துறையில் இருந்தவர் சு. வித்தியானந்தன். 'மனமே' சிங்கள அரங்கில் எழுப்பிய அலையைப் பக்கத்திலிருந்து கண்டவர். மூலம் நம்மிடம் கிராமங்களில் கிடக்க, நாம் அதைப் பாமரர் கலை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமே என்று அவர் பட்ட வேதனை வீண்போகவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கூத்து ஏடுகளைப் பதிப்பித்தார். மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த வருஷம் 'நொண்டி நாடகம்', பிறகு 'இராவணேசன்', 'வாலி வதை'. விடியவிடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கி, ஒருபக்கம் திறந்த மேடைக்கு வந்தது. 'இராவணேசன்' காலத்தில் அங்கே மாணவராக இருந்த சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பில் கூத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். வித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

ஆக, தமிழனிடமிருந்து போன ஒன்று சிங்களவனிடம் வாழ்ந்து, பேராதனையில் உயிர்த்தது; அதைக் கண்டு தமிழன் தன் மூலத்தைத் திரும்ப எடுத்தான். இதில் பேராதனைப் பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரு பத்து வருஷத்துக்குள், ஒரே வீதியில், இரு விரிவுரையாளர்களாலும் அவர்களுடைய மாணவர்களாலும் நடந்தது. 1956தான் சிங்களம் மட்டும் சட்டம் வந்த வருஷமும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வெளியே மொழியின் பேரால் நாடு பிளந்துகொண்டிருந்தபோது உள்ளே இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. பல்கலைக்கழகம் எதற்காக என்று என்னைக் கேட்டால் இதற்காக என்பேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊரில் மத்தளம் அடிப்பவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்.

"அப்ப நம்மட ஆக்கள் அங்க போய்ப் பழக்கினவங்களா?"

"ஓம் மாமா. அண்ணாவிமாரக் கூட்டிப்போய்த்தான்."

"அது சரி மருமகன். ஒன்றரை மணிக்குள்ள கூத்தக் கட்டினா, அரசன்ட வரவு எப்ப முடியிற, சண்டை எப்ப தொடங்கிற?"

அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. சுருக்கும்போது போனவை போனவைதான். ஓர் ஊரே கூடி மாதக்கணக்காகப் பழகி, சதங்கை அணிந்து, அரங்கேறும் அந்த நீண்ட வாழ்வை மேடைக்குள் கொண்டுவர யாராலும் முடியாது. ஆனாலும் சுருங்கிய கூத்தைக் கண்டுதான் படித்த தமிழர் ஊர்க் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதும் உண்மை.

பேராதனைத் தமிழ்த் துறைக்கும் எங்கள் மண்ணுக்கும் உறவு அதற்கும் முந்தியது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவருக்குப் பின் வந்த க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதி மாணவரை நடிக்க வைத்தார். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் அங்கே படித்தவர்கள். நான் போன காலத்தில் எம்.ஏ. நுஃமான் அந்தத் துறையில் இருந்தார். தமிழ்ச் சங்கம் வெளியிடும் 'இளங்கதிர்' இதழின் பழைய தொகுப்புகளைப் புரட்டினால், பின்னாளில் பெரிய பெயர்களான பலர் மாணவராக எழுதிய கட்டுரைகள் கிடைக்கும். அந்த இதழுக்கு ஒப்புநோக்கிய இரவுகளில்தான் நான் தமிழ் எழுதப் பழகினேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறுவோம். மேட்டின்மேல் இருக்கும் அந்தக் கோயிலை இந்து மாணவர் சங்கம் தாங்குகிறது. பூப்பறிப்பது, மாலை கட்டுவது, தேவாரம் பாடுவது, சுண்டல் பகிர்வது எல்லாம் மாணவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், மலையகத்தார் என்று தனித்தனியாகத் திரியும் தமிழ்ப் பெடியன்கள் ஒரே வரிசையில் நிற்பது அங்கேதான். பன்சலையும் பள்ளிவாசலும் தேவாலயமும் அதே வளாகத்தில் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1983இல் அந்த விடுதிகளில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டார்கள். பலர் படிப்பை விட்டு ஓடினார்கள். 1989இல், ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய அரச வன்முறையும் நாட்டை எரித்தபோது, வெட்டப்பட்ட இளைஞர்களின் தலைகள் வளாகத்து அல்விஸ் குளத்தைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் சிங்களப் பிள்ளைகள். அந்தக் குளத்தின் ஓரமாகத்தான் நாங்கள் தினமும் சாப்பாட்டுக்குப் போவோம். விடுதியில் வேலை செய்த வயதான சிங்கள ஐயா ஒருவர் அந்தப் பக்கம் வரும்போது நடையை மாற்றிக்கொள்வார். ஏன் என்று ஒருநாள் அறைத்தோழன் கேட்டான். அவர் சொன்னதை அவன் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டான்.

என் இறுதி வருஷத்தில், 2007இல், சண்டை படுவான்கரைக்கு வந்தது. ஊர் முழுக்க இடம்பெயர்ந்து வாவியின் மறுகரையில் முகாம்களில் கிடந்தது. மாமா மத்தளத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பரீட்சை நெருங்கிய நேரம், கையில் காசில்லை, வீட்டோடு கதைக்கத் தொலைபேசி அட்டை வாங்கக்கூட வழியில்லை. எல்பிட்டியக்காரன் தன் மகாபொலப் பணத்தில் பாதியை எண்ணி என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போனான். அவனுடைய தமையன் அப்போது இராணுவத்தில் இருந்தான். இதை நான் அறிந்திருந்தேன். என் வீடு எங்கே இருக்கிறதென்று அவனும் அறிந்திருந்தான்.

இப்போது ஊரில் ஆசிரியராக இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு கூத்து, பள்ளிக்கூட மேடைக்கு ஏற்றாற்போல் சுருக்கி, பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். மத்தளத்துக்குப் புதுத் தோல் போட்டு மாமாவே வந்து அடிக்கிறார். நேரத்தைப் பற்றிய வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. போன முறை அரசன் வரவுக்கு அவர் கேட்ட பத்து நிமிஷத்தைக் கொடுத்தேன்.

பேராதனைக்குத் தெரிவாகும் பிள்ளைகள் புறப்படுமுன் வந்து, என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்பார்கள். கம்பளி, குடை, ஒரு பாய் என்பேன். பாய் எதற்கு, அங்கே கட்டில் இருக்குமே என்பார்கள். வளவில் 'மனமே' போடும் இரவு விரித்து உட்கார என்று சொல்லி, முன்வரிசை வேண்டுமானால் இருட்டுவதற்கு முன்னமே போய்விடச் சொல்வேன். பக்கத்து அறைச் சிங்களப் பிள்ளையையும் கூட்டிப்போ. பாட்டின் பொருளை அவன் சொல்லட்டும், தாளத்தின் பெயரை நீ சொல் என்பேன்.